பக்கத்து வீட்டில் யார்?

‘உங்கள் ஊரவர்கள் பக்கத்து வீட்டில் இருப்பதை விரும்புகிறீர்களா?’

வெளிநாட்டில் வீடு ஒதுக்குவதற்கான படிவத்தில் ஒன்பதாவது கேள்வி அது. வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ‘ஆம்’ என்று போட்டார்கள். தர்மிளா மட்டும் ‘இல்லை’ என்று போட்டாள்.

எட்டிப் பார்த்த கோகிலாவுக்குச் சுருக்கென்றது.

இருவரும் ஒரே தேயிலைத் தோட்டம், லயம் என்கிற ஒரே தொழிலாளர் வீட்டு வரிசை, அடுத்தடுத்த வீடு. பின்லாந்தில் தாதி உதவியாளர் படிப்புக்கு இருவருக்கும் ஒன்றாகத்தான் இடம் கிடைத்திருந்தது.

“என்னா புள்ள இது? மாத்திப் போட்டுட்டியா?”

“இல்லக்கா. சரியாத்தான் போட்டிருக்கேன்.”

“ஓ! இன்னும் பிளேன் ஏறல. அதுக்குள்ள நாங்க வேண்டாதவங்களாயிட்டோமா? ரொட்டி சுட்டா ஒனக்கு ஒண்ணு குடுக்காம தின்னிருக்கேனா நான்? எல்லாம் கொன்வென்ட்டுல படிச்ச பவரு!”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தர்மிளா குனிந்துகொண்டாள்.

பஸீஹா மிஸ் மேசையைத் தட்டினார். இரண்டு வருடம் அந்த நாட்டில் படித்துவிட்டு வந்தவர். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி என்று, போகிறவர்களுக்குப் பலாங்கொடையில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் சொல்லிக்கொடுக்கிறார்.

“வீட்டுக்குள்ள சப்பாத்து போடக் கூடாது. குப்பைய அஞ்சாப் பிரிக்கணும். வெளங்குதா?”

“எங்க வீட்டுல அஞ்சு வகைக் குப்பை சேர ஒரு வருஷம் போகும் மிஸ்,” என்றான் தனுஷன்.

“சிரிங்க, சிரிங்க. அங்க போய் அழாம இருந்தாச் சரி. அடுத்தது அக்கம்பக்கம். பக்கத்து வீட்டுக்காரங்க ஒங்களோட பேச மாட்டாங்க. லிப்ட்டுல கண்டாலும் சிரிக்க மாட்டாங்க. சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. கோபம்னு நெனைக்காதீங்க. அவங்க வழக்கம் அது.”

“கல்லு மனசு,” என்றாள் கோகிலா.

“ஆனா ஒரு வீட்டுல அடிக்கிற சத்தம், அழுற சத்தம் கேட்டா ஒடனே பொலிசுக்குப் போன் போட்டுருவாங்க.”

“புருஷன் பொண்டாட்டி சண்டைக்குமா மிஸ்?”

“யாரு சண்டைன்னு அவங்க பார்க்க மாட்டாங்க.”

“சீ! அடுத்த வீட்டு விஷயத்துல தலையிடுறது என்னா பண்பாடு மிஸ்? அந்தப் பொம்பள மறுநாள் எப்படி வெளிய தல காட்டுவா?” என்றாள் கோகிலா.

வகுப்பே தலையாட்டியது. அப்போதுதான் தர்மிளா வாய் திறந்தாள்.

“எத்தனை நிமிஷத்துல வருவாங்க மிஸ்?”

“யாரு?”

“பொலிசு.”

மறுபடியும் சிரிப்பு. பஸீஹா மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

“இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட!” என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு கொண்டக்டர் நின்றவர்களை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். தோட்டத்து பஸ்ஸில் இருவருக்கும் கடைசி சீட்டில் இடம் கிடைத்தது. கோகிலாவுக்கு இன்னும் ஆறவில்லை.

“இரு, எறங்கின ஒடனே கிருஷாந்த் தம்பிக்கிட்ட சொல்றேன். அந்த மனுஷன் வேலைய விட்டுட்டு பொண்டாட்டிக்குத் தொணையா வாறாரு. அவருக்காவது ஊர் மொகம் வேணும்தானே?”

தர்மிளா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

“சொல்லாதீங்கக்கா. அந்தப் பொலிசு கதையையும் சொல்லிடாதீங்க. கேட்டா பயணத்தையே நிப்பாட்டிடுவாரு. பாப்பாவக் கூட்டிட்டுப் போக அவரு கையெழுத்து வேணும். தானும் வந்தாத்தான் கையெழுத்துன்னு நிக்கிறாரு.”

“அவரு ஏன் நிப்பாட்டணும்?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்கக்கா. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சுவரு கூரை வரைக்கும் எட்டல. நீங்க இருமினா எனக்குக் கேக்குது. நான் கத்தினது ஒங்களுக்குக் கேக்கலியா?”

கோகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வளைவு தாண்டியது.

“குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்,” என்றாள் கடைசியில். “நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? ஒவ்வொரு தடவையும் தைலம் கொண்டுவந்து ஒன் முதுகுல தேச்சு விடலியா?”

“விட்டீங்கக்கா. மறக்கல.” பஸ் இரைச்சலில் அவள் குரல் பாதி அமுங்கியது. “ஆனா விடிஞ்ச பிறகுதானே வந்தீங்க. அங்கயும் நீங்க பக்கத்துல இருந்தா, அங்கயும் நான் விடியிற வரைக்கும் கிடக்கணும்.”

கோகிலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க எழுந்தாள்.

லயத்துக்குத் திரும்பும் சந்தியில் கிருஷாந்த் நின்றான். மகளைத் தோளில் வைத்திருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனைவியின் பையை அவனே வாங்கிக்கொண்டான். கூட இறங்கிய ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் புருஷனை முழங்கையால் இடித்தாள்.

“என்னக்கா, இன்னைக்கு என்னா படிச்சுக் குடுத்தாங்க?” என்றான் கிருஷாந்த் கோகிலாவிடம். “அங்கயும் நாம அடுத்தடுத்த வீடுதானே?”

தர்மிளா பிள்ளையை வாங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். கோகிலாவை நிமிர்ந்து பார்க்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கோகிலா செருப்பில் ஒட்டிய சேற்றை ஒரு கல்லில் தேய்த்தாள். ஒரு செருப்பு முடிந்து மற்றதையும் தேய்த்தாள்.

“முடியாதாம் தம்பி. ஒரே ஊர்க்காரங்கள அங்க பக்கத்துப் பக்கத்துல வைக்க மாட்டாங்களாம். அந்த நாட்டு வழக்கம் அப்படியாம்.”