கிழக்குப் பாத்த வாசல்

"யாரப் பாத்து அவசரக்காரிங்கிற? முட்டை என்ன முகூர்த்தம் பாத்தா வரும்?"னு புருஷன்கிட்டப் பொரிஞ்சு தள்ளுச்சு தூக்கணாங்குருவி. நாளைக்கோ மறுநாளோ முட்டை போட்டாகணும். கூடு இன்னும் பாதிதான் ஆயிருக்கு.

ரெண்டு தடவை கட்டுனத ரெண்டு தடவையும் புருஷன்காரனே பிச்சுப் போட்டுட்டான். எல்லாம் பனைப் பொந்துல குடியிருக்கிற பல்லி சொன்ன வாஸ்து. முதல்ல வாசல் தெக்க பாக்குதாம், ஆகாதாம். அப்புறம் மேக்க பாக்குதாம், குடும்பத்துக்கே ஆகாதாம். நேத்து கிழக்க பாத்து அழகாப் பின்னி வெச்சான். இன்னைக்கு விடிஞ்சதும், "வாசல் வடக்க பாக்குதே"ன்னு பல்லி உச்சுக் கொட்டுச்சு. புருஷன் மறுபடியும் நார உருவ ஆரம்பிச்சுட்டான்.

குருவிக்கு அதுக்கு மேல பொறுக்கல. பனைமட்டை மேல ஏறி நின்னு, அக்கம்பக்கத்துக் குருவியெல்லாம் எட்டிப் பாக்குற மாதிரி கத்துச்சு:

"பல்லி அண்ணே! ஒத்த நார்ல தொங்குற வீடு இது. காத்தடிச்சா நாலு பக்கமும் சுத்தும். இதுக்கு எதுங்க கிழக்கு வாசல்? பொந்த விட்டு வெளிய வந்து, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க!"