அதுக்குள்ள ஆறிடுமா?

"அதுக்குள்ள ஆறிடுமா டொக்டர்?"

கட்டை அவிழ்த்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் நிமிரவில்லை. மார்க்கண்டு இன்னொரு தரம் கேட்டார். வலது காலில், பெருவிரலுக்குப் பக்கத்தில் புடைத்து நின்ற எலும்பை வெட்டிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"எதுக்குள்ள?"

"எங்கட ஊர், உடப்புக் கோயில் தீமிதிப்புக்குள்ள. இன்னும் நாப்பத்தாறு நாள் இருக்கு."

டொக்டர் இப்போது நிமிர்ந்தார். "இந்தக் காலாலயா? சொல்ல ஏலாது. ஒரு மாசம் வீட்டில இருங்க. காலை உயர்த்தியே வச்சிருங்க. பிறகு பார்ப்பம்."

மார்க்கண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். பக்கத்தில் நின்ற மனைவி தவமலர் அவர் தோளைத் தொட்டாள். "யோசிக்காதீங்க. அம்மாள் கைவிட மாட்டா."

தீ மிதிப்பதாக அவர் வைத்த நேர்த்திக்கடன் ஊருக்கே தெரியும். போன வருஷம் மகன் மதுரன் போன வள்ளம் எஞ்சின் பழுதாகி இரண்டு நாள் கரைக்கு வரவில்லை. மார்க்கண்டு திரௌபதை அம்மன் கோயில் வாசலில் விழுந்து, "தாயே, பிள்ளையைக் கொண்டுவந்து விடு, வாற வருஷம் நான் தீ மிதிக்கிறன்!" என்று கூட்டத்துக்கு நடுவில் கத்தினார். மூன்றாம் நாள் பிள்ளை வந்து சேர்ந்தான். ஐம்பத்தெட்டு வயதில் அவர் மிதிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

வீட்டில் தவமலர் அவர் காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கால் கீழே கிடக்கும்.

"ஏன் இறக்கினீங்க?"

"விறைக்குது மலர்."

அவள் மறுபடி தூக்கி வைப்பாள். கடைசியில் பழைய சேலையொன்றைக் கிழித்துக் காலையும் தலையணையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். திருவிழாக் கொடி ஏறிவிட்டால் வீட்டில் மீன் கிடையாது என்று, அதற்கு முன்பே பால்சுறா வறையும் திருக்கைக் குழம்புமாய்க் கொடுத்துக் காயத்தை ஆற்றப் பார்த்தாள். பாவம், அந்த மனிசி ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தையல் வெட்டி இரண்டாம் நாளே மார்க்கண்டு ஊன்றுகோலோடு படலையைத் திறந்தார்.

"எங்க போறீங்க?"

"கந்தோருக்கு."

"டொக்டர் ஒரு மாசம் எண்டாரே!"

"குந்தியே இருந்தா கால் இறுகிப் போகும். நடக்க வேணும்."

நேர்த்திக்காக இந்த மனிசன் படுகிற பாட்டைப் பார்த்துத் தவமலருக்குக் கண் கலங்கியது. அவர் ஒழுங்கை முடக்கில் திரும்புவதற்குள், மீனவர் சங்கக் கந்தோரில் அவரோடு வேலை செய்யும் கிளைட்டனுக்குப் போன் எடுத்துவிட்டாள்.

ஆகவே கந்தோரில் இரண்டு கதிரை தயாராக இருந்தது. ஒன்று மார்க்கண்டுவுக்கு, மற்றது அவருடைய காலுக்கு. வள்ளங்களுக்கு எண்ணெய்ச் சீட்டு எழுதுவதைத் தவிர வேறொன்றுக்கும் கிளைட்டன் அவரை விடவில்லை.

"தண்ணி குடிக்க நானே எழும்புறன்டா."

"எழும்பினா மலரக்கா என்னை உரிச்சு உப்புப் போட்டுருவா. இருங்க அண்ணன்." தண்ணீரை நீட்டியவன் கேட்டான். "ஒண்டு கேக்கட்டா? அஞ்சு வருஷமா உங்களோட திரிஞ்ச எலும்பு. தீமிதிப்பு முடியட்டும் எண்டு பார்த்திருக்கலாமே. இந்த நேரம் பார்த்துத் திகதி எடுத்தது ஆரு?"

"நான்தான். நொந்த காலோட அம்மாளுக்கு முன்னால போறதா?"

கிளைட்டன் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் எங்கட தலவில சேர்ச் திருவிழாவுக்கே ஏ.சி. பஸ்ஸில போய் வாறவன். நீங்க மனிசன்! சரி, அதுக்குள்ள ஆறாட்டி?"

"என்ன செய்யிறது? டொக்டர் ஏலாது எண்டா அம்மாளுக்கு விளங்காதா? அடுத்த வருஷமும் தீ வளர்ப்பாங்கதானே." மார்க்கண்டு தலையைக் குனிந்துகொண்டு சீட்டு எழுதினார். எண்ணெய்க்கு வந்து நின்றவர்கள் நாலு பேரும் உச்சுக் கொட்டினார்கள்.

கொடியேறிய அன்று காலை, செருப்பில்லாமல் முற்றத்து மணலில் நடந்து பார்த்தார். வேலி வரைக்கும் போய் வந்தார். வலிக்கவில்லை. அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"விரதத்தைத் தொடங்கிட்டார்," என்று தவமலர் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள்.

தீமிதிப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடைசிக் கிளினிக். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலை இப்படியும் அப்படியும் திருப்பினார். பெருவிரலை மடக்கினார்.

"நோகுதா?"

மார்க்கண்டு வாயைத் திறக்க முதல், "இல்லை டொக்டர்," என்றாள் தவமலர். "நேற்றுச் சந்தைக்கும் நடந்தவர்."

"நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. காலைக் கேட்டா, ஒரு குறையும் இல்லை. நான் வெட்டின கால்களில இப்படிக் கெதியா ஆறின கால் இதுதான். மனிசிக்குத்தான் நன்றி சொல்லவேணும்."

தவமலர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். "மதுரனுக்குச் சொல்லவேணும். கோயிலுக்குச் சொல்லவேணும்," என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். "அம்மாள் கண் திறந்திட்டா!" என்று அவள் அழுதுகொண்டே சொல்வது உள்ளே கேட்டது.

மார்க்கண்டு எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். இடது செருப்பைக் கழற்றி, அந்தக் காலைத் தூக்கி டொக்டருக்கு முன்னால் நீட்டினார்.

"இதிலயும் அந்த எலும்பு இருக்கு டொக்டர். நாளைக்கே வெட்டி விடுங்க."