வளைந்து போகும் குழாய்

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடியாகிவிட்டது.

தண்ணீர் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு இது புதிதல்ல. ஆடி மாதத்திலிருந்தே பார்த்து வருகிறாள். பாத்திரம் கழுவி முடித்து, குழாயை இறுக்கிவிட்டு, வாசலுக்கு வந்து மீட்டரைப் பார்ப்பாள். கணவர் ராக்கியப்பனிடம் சொல்லவில்லை.

இன்றைக்குத் தங்கமுத்து கண்டுபிடித்துவிட்டார்.

வீட்டுக் காப்பீடு போட வந்தவர் அவர். சுவருக்கும் கூரைக்கும் போட்டால் போதும் என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். மண்ணுக்குள் போகும் குடிநீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் விடவே கூடாது என்று பேசிப் பேசி ராக்கியப்பனைக் கரைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாததற்குக் காப்பீடு விற்கிறவருக்கு அந்த வாய் வேண்டும்தான்.

"ஒழுகுதுங்க. இதைச் சரி பண்ணிட்டாத்தான் கம்பெனியில ஏத்துக்குவாங்க. அப்புறம் எது உடைஞ்சாலும் தோண்டறது, மாத்தறது எல்லாம் அவங்க பொறுப்பு."

மறுபடி குனிந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஒழுகலுன்னா நிக்காம ஓடணும். இதென்னங்க, நின்னு நின்னு ஓடுது?"

முள் கொஞ்சம் சுற்றியது.

நின்றது.

மறுபடி சுற்றியது.

அவளுக்கு அது தெரியும். குடிப்பது. மூச்சு வாங்குவது. குடிப்பது.

மார்பு கனத்தது. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதை வெளியில் சொன்னால் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போவார்கள்.

தங்கமுத்து எழுந்து குழாய் போகும் வழியில் நடந்தார். புதைத்த இடத்தின் மேல் சிமெண்ட் பூசியிருந்ததால் வழி தெளிவாகத் தெரிந்தது. கேட்டிலிருந்து சமையலறையைப் பார்த்து நேராக வந்தது. பாதி வழியில் வளைந்தது. ஒரு வெறும் மண்திட்டைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி நேரானது.

"இங்க ஏனுங்க வளைச்சுப் போட்டிருக்கீங்க? அடியில பாறையா?"

ராக்கியப்பன் மண்திட்டைப் பார்த்தார்.

"வளைவுல இருக்கற ஜாயிண்ட்டுதான் மொதல்ல விடும். ஒழுகறது இங்கதான்."

செருப்புக் காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார்.

"தள்ளி நில்லுங்க!" என்று அவள் கத்திவிட்டாள். தங்கமுத்து பதறிப் போய் விலகினார்.

பாறை இல்லை.

பெயர் வைப்பதற்குள் போய்விட்ட பிள்ளை.

அப்போது சுற்றிலும் சோளக்காடு. இந்த ஒரு வீடுதான். ராக்கியப்பன்தான் ஏந்திக்கொண்டு போய் அங்கே புதைத்தார். பிறகு தெரு வந்தது, குடிநீர் இணைப்பு வந்தது. குழி வெட்ட வந்தவர்களிடம் அந்த இடத்தைச் சுற்றிப் போகச் சொன்னார். ஏன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அவளிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிள்ளை போன பிறகும் அவளுக்குப் பால் நிற்கவில்லை. சொந்தக்காரப் பெண்கள் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினார்கள். வற்றிவிடும் என்றார்கள். வற்றியது. பூக்காரி எதிரே வந்தால் இன்றும் அவள் வேறு தெருவில் திரும்பிவிடுவாள்.

இப்போது மறுபடியும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

"நாளைக்கு ஆள் வரச் சொல்றேன். தோண்டிப் பார்த்துரலாம்," என்றார் தங்கமுத்து. "அதுவரைக்கும் கேட் பக்கத்துல இருக்கற வால்வை மூடி வைங்க. தண்ணி வீணாப் போகுது."

"வீணாப் போகலீங்க," என்றாள்.

ராக்கியப்பன் அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. மெல்ல நடந்து வந்து மீட்டருக்கு முன்னால் குனிந்தார்.

முள் நின்றிருந்தது.

நெடுநேரம் நின்றிருந்தது.

அவள் மூச்சுவிடவில்லை.

பிறகு சுற்றியது. முன்னைவிட அவசரமாக.

ராக்கியப்பன் கையை மீட்டரின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். முள் நின்றபோது அவர் உதடும் நின்றது. ஓடியபோது நடுங்கியது.

எழுந்து வால்வுக்குப் போனார். அது பாதிதான் திறந்திருந்தது. துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"ஏனுங்க, வேண்டாமுங்க," என்று அவள் கெஞ்சினாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கிறீச்சென்று அசைந்தது. இன்னும் திருகினார்.

"அந்தப் பக்கம் திருகினா தொறக்குமுங்க," என்றார் தங்கமுத்து.

"தெரியும்," என்றார் ராக்கியப்பன்.