கணினிக்குக் கண்ணூறு

பக்கத்து வீட்டுத் தயாளினி டூவல் கோர் கணினி வாங்கியதைப் பார்த்த உதயகலா, கணவனை நச்சரித்துக் அதைவிட வேகமான குவாட் கோராகவே வாங்க வைத்தாள்.

ஒரே வாரத்தில் அது சூடேறித் தானாகவே நின்றது. திருத்த வந்த கோபிசங்கர் திரையைப் பார்த்தான்.

"தொண்ணூறு டிகிரி, அக்கா!"

"தயாளினியின்ரை?"

"அதுவும் நான் பொருத்திப் பூட்டினதுதான். ஐம்பதைத் தாண்டாது."

உதயகலாவுக்கு வயிறு எரிந்தது. "அவளின்ரை கண்ணூறுதான்! அவளின்ரை கண் படக்கூடாதெண்டுதானே பூவேலை செய்து உறையும் தைச்சுப் போட்டனான்!"

கோபிசங்கர் கணினிப் பெட்டியை மூடியிருந்த அந்தத் தடித்த உறையை உருவினான். "காத்துப் போற ஓட்டையெல்லாத்தையும் இதுதான் அடைச்சிருக்கு. இனிப் போடாதேங்கோ."

அவன் போனதும் தயாளினி வந்தாள்.

"என்ன வடிவான உறை, அக்கா!"

உதயகலாவின் முகம் மலர்ந்தது. "உமக்கெண்டுதான் தைச்சனான். கொண்டுபோய் உம்மடை கணினிக்குப் போடும்."