பத்துக்கு நாலு

வாடகை நூலகத்துத் துப்பறியும் நாவல்களில், கொலையாளி யாரென்று பாதியிலேயே பென்சிலால் எழுதிவிடுவாள் மங்கையர்க்கரசி. ஊகம் சரியாக இருந்தால் கடைசிப் பக்கத்தில் பத்துக்கு நாலு மதிப்பெண். அவளை ஏமாற்றும் புத்தகத்துக்குத்தான் பத்து. எதுவும் அதை வாங்கியதில்லை.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், தலையணையருகே கிடந்த நாவலைக் கணவர் தயாளன் எடுத்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ‘டாக்டர்’ என்று எழுதியிருந்தாள். மீதியை அவரே படித்தார். டாக்டர் நல்லவன், கொன்றது நர்ஸ்.

பென்சிலை வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு, நாலு போட்டார்.

மறுநாள் நூலகத்து ஜெஸிந்தா கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள்.

“இதையும் அக்கா கண்டுபுடிச்சிட்டாங்களா சார்?”

“ஆமாம்மா. பாதியிலயே.”

ஜெஸிந்தா பின்னோக்கிப் புரட்டி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ‘டாக்டர்’ என்ற பென்சில் எழுத்தைப் பார்த்தாள். அந்த நாவலை அவள் முன்பே படித்திருந்தாள்.

“அக்காவ ஏமாத்த முடியுமா சார்” என்று புத்தகத்தை மூடினாள்.