நெற்றியில் எழுதிய எண்

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் கிடங்கறையில், பஞ்சு விரித்த பெட்டிக்குள் ஒரு குழந்தையின் மண்டையோடு இருக்கிறது. குழல்விளக்கின் வெளிச்சம் ஈவிரக்கமில்லாமல் அதன்மேல் விழுகிறது. எண்பது வருடத்துக்கு முன் ஆராய்ச்சிக்கென்று கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து வந்ததை வாங்கிப்போக, கடல் கடந்து ஓர் அண்ணனும் தங்கையும் வந்திருக்கிறார்கள். முறைக்கு அது அவர்களுக்கு அத்தைப் பாட்டி, வயது நாலு.

"அந்த நம்பர மட்டும் அழிச்சுக் குடுத்துடுங்க," என்கிறாள் தங்கை. அருங்காட்சியகக் காப்பாளரான பெண் பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் நனைத்து நெற்றியில் மெல்ல உருட்டுகிறாள். எண்ணின்மேல் பூசியிருந்த வார்னிஷ் மஞ்சளாகப் பஞ்சில் ஏறுகிறது. எண் அசையவில்லை; மை எலும்புக்குள் இறங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய சேகரிப்புக்கெல்லாம் புது எண் போட்டபோது, அவளே எழுதிய எண் அது. அன்று மேலதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு அந்த எழுத்தைக் காட்டி மெச்சினார். மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முனகிக்கொண்டே இருக்கிறது. ஏழாவது குச்சியும் தட்டில் விழுகிறது.

"போதும்மா, விடுங்க. புள்ளைக்கு வலிக்கப் போவுது," என்கிறான் அண்ணன். பிறகு குனிந்து பார்க்கிறான். "யாரு எழுதினதோ, கையெழுத்து முத்து முத்தா இருக்கு." அவன் குரலில் கோபமே இல்லை.

காப்பாளர் ஒப்படைப்புத் தாளை இழுத்து, அதே எண்ணை எழுதுகிறாள். பழக்கதோஷத்தில், நெற்றியில் இருப்பதைப் போலவே, ஏழின் நடுவே சின்னதாக ஒரு குறுக்குக்கோடும் போட்டுவிடுகிறாள். தங்கையின் பார்வை தாளிலிருந்து நெற்றிக்குப் போகிறது. அங்கிருந்து மெல்ல, பேனா பிடித்த விரல்களுக்கு வருகிறது.