ஸ்கேனுக்குப் போன கருவாடு

வேலூர் பஸ்சு போளூரைத் தாண்டுறதுக்குள்ள பாதி ஜனம் மூக்கைப் பொத்திக்கிச்சு.

“யாரும்மா அது, கருவாட்டை உள்ள ஏத்துனது?” கண்டக்டர் கேட்டாரு.

“நான்தாங்க.” மடியில கூடையோட ஆதிலட்சுமி சொன்னா. “ஆஸ்பத்திரி நர்ஸம்மா கேட்டாங்க.”

“பஸ்சு கூரை மேல போடக்கூடாதா?”

“காக்கா தூக்கிட்டுப் போயிடுங்க.”

“கொஞ்சமாவது கூச்சம் வேணாம்?” பின் சீட்டுலருந்து ஒருத்தர்.

பக்கத்துல குந்தியிருந்த புருஷன் சடையனுக்கு மானம் போச்சு. போறதுக்கு அவன்கிட்ட மிச்சம் இருந்ததே கம்மி.

குடல்ல புத்துநோய். ஆபரேஷன் பண்ணி, வயித்துலயே வழி வச்சு, மலம் போறதுக்கு ஒரு பை கட்டி விட்டிருந்தாங்க. நோய் ஈரலுக்குப் பரவியிருக்கானு ஸ்கேன்ல பாக்கணும். போன மாசம் இதே பஸ்சுல பை நாத்தம் தாங்காம பக்கத்து ஆளு எழுந்து போயிட்டாரு. சடையன் கண்ணமங்கலத்துலயே எறங்கி, ஸ்கேனும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அடி அண்ணாமலைக்குத் திரும்பிட்டான். இன்னிக்கு அவதான் மல்லுக்கட்டி இழுத்துக்கிட்டு வந்தா.

இன்னிக்கு என்னமோ அவனை யாரும் திரும்பிப் பாக்கலை. அந்தத் தெம்புல அவனும் கூட்டத்தோட சேந்துக்கிட்டான்.

“நல்லா கேளுங்க சார். இவளுக்கு அறிவே கெடையாது. நாலு பேர் மத்தியில என் மானத்தை வாங்குறதே வேலை.”

ஆதிலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

ஆஸ்பத்திரியில வயித்து மேல ஜில்லுனு பசை மாதிரி எதையோ தடவி, ஒரு கருவியை வச்சு நகத்துனாங்க. டிவி பொட்டி மாதிரி இருந்ததை டாக்டர் ரொம்ப நேரம் பாத்தாரு.

“ஈரல் சுத்தமா இருக்குப்பா. பரவலை. ஆனா கூப்பிடுறப்பல்லாம் தவறாம வந்துடணும். போன வாட்டி மாதிரி டிமிக்கி குடுக்கக்கூடாது.”

சந்தோஷத்துல வெளிய வந்தவன், பொண்டாட்டி கையிலருந்த கூடையை வாங்கி நர்ஸுகிட்ட நீட்டுனான்.

“இந்தாங்கம்மா, நீங்க கேட்ட கருவாடு.”

“நான் எங்கப்பா கேட்டேன்? எங்க வீட்டுல மீனே சேக்கமாட்டோம்.”

சடையன் திரும்பி ஆதிலட்சுமியைப் பாத்தான். “ஏம்மே, அப்ப இது யாருக்கு?”

அவ கூடையைத் திரும்ப வாங்கிக்கிட்டு, நர்ஸுக்குக் கேக்காத மாதிரி குரலை எறக்கிச் சொன்னா.

“குடுங்க. வூட்டுக்கும் பஸ்சுலதானே போவணும்.”